வாட்ச் கண்ணாடியில் கீறலா? பேஸ்ட் டியூபைத் திறக்கும் முன்

டூத்பேஸ்ட் தேய்த்தால் வாட்ச் கண்ணாடிக் கீறல் போய்விடும் என்று சுற்றும் வீடியோ முழுப்பொய் இல்லை. மூன்று வகைக் கண்ணாடியில் ஒன்றுக்கு அது பலிக்கும். மற்ற இரண்டிலும் கை வலிக்கத் தேய்த்துவிட்டு, கடைசியில் எங்களைப் போன்ற ரிப்பேர் கடைக்காரர்களிடம்தான் வருகிறார்கள். அதனால் முதலில் உங்கள் வாட்சில் இருப்பது எது என்று பாருங்கள்.

தாத்தா கட்டிய பழைய ஹெச்எம்டி ஜனதா, பைலட் போன்றவற்றில் இருப்பது அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் மொத்தென்று சத்தம் வரும், தொட்டால் கண்ணாடிக்குரிய சில்லிப்பு இருக்காது. இப்போது நடுத்தர விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் மினரல் கிளாஸ், அதாவது கடினமாக்கிய நிஜக் கண்ணாடி. விலை ஏறினால் சஃபையர், செயற்கையாக வளர்த்த நீலக்கல் படிகம். அதைப் பெரும்பாலும் பின்மூடியிலேயே பொறித்திருப்பார்கள். 'சஃபையர் கோட்டிங்' என்று போட்டு விற்பது சஃபையர் இல்லை, மினரல் கிளாஸ் மேல் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அக்ரிலிக் 3-ஐ ஒட்டி, மினரல் கிளாஸ் 6-ஐ ஒட்டி, சஃபையர் 9. தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. எண் கூடியது குறைந்ததைக் கீறும். ஆக, புழுதி படிந்த வாட்சைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைக்கிறீர்களே, அப்போதே பாதிக் கீறல் விழுந்துவிடுகிறது. முதலில் ஊதிவிட்டு அப்புறம் துடையுங்கள். சமையல் மேடை கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு, அதில் உரசினாலும் இதே கதிதான்.

சரி, அக்ரிலிக் என்றால் வீட்டிலேயே செய்யலாம். ஜெல் இல்லாத வெள்ளைப் பேஸ்ட் துளி, மெல்லிய பருத்தித் துணி, வட்டமாகச் சில நிமிடம். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமாக இருந்தால் 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்துவிட்டு அப்புறம் பேஸ்ட். ஆனால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கேஸைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய வாட்சில் தண்ணீரைத் தடுக்க ஒழுங்கான வாஷர் இருக்காது, பேஸ்ட் கலந்த ஈரம் கண்ணாடி விளிம்பிலும் சாவி ஓரத்திலும் இறங்கி, டயல் ஓரம் மஞ்சளாகத் திட்டுத்திட்டாகி வந்ததை நிறையப் பார்த்தாயிற்று. கண்ணாடி மாற்றலாம், அந்த டயலுக்கு எங்கே போவது? நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீர்கள், அக்ரிலிக் கரைந்து வெளிறிவிடும்.

மினரல் கிளாஸில் பேஸ்ட் ஒன்றும் செய்யாது. சீரியம் ஆக்சைடு என்ற கண்ணாடிப் பாலிஷ் பொடி வைத்துப் பாலிஷ் போடலாம்தான், ஆனால் கீறல் இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழுந்து, பக்கவாட்டில் பார்க்கும்போது முள் நெளிந்து தெரியும். என் கருத்து, மாற்றிவிடுங்கள். வட்டக் கண்ணாடி என்றால் செலவு அதிகமில்லை. சதுரம், நீள்சதுரம் என்றால் அளவாக வெட்ட வேண்டும், கொஞ்சம் கூடும். மாற்றியதும் வாட்டர் டெஸ்ட் செய்து தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் பின்மூடியில் எழுதியிருக்கும் வாட்டர் ரெசிஸ்டன்ட்டை நம்பி அந்த வாட்சோடு குளிக்க வேண்டாம்.

மேடு தட்டிய பழைய கண்ணாடிக்குப் பதில் தட்டைக் கண்ணாடி போட்டு அனுப்பும் கடைகளும் உண்டு. உயரம் குறைவதால் வினாடி முள் கண்ணாடியில் உரசி வாட்ச் விட்டுவிட்டு நிற்கும், நீங்கள் மிஷின் போய்விட்டது என்று நினைப்பீர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் முள் போட்ட வளையக்கோடு தெரியும்.

சஃபையரில் கீறல் என்று கொண்டுவருவதில் பல, கதவுக் கைப்பிடியோ வண்டியோ உரசி ஒட்டிய உலோகக் கோடுகள், இல்லாவிட்டால் வெளிச்சம் பட்டுக் கண் கூசாமல் இருக்க வெளிப்பக்கம் பூசிய ஆன்டி ரிஃப்ளெக்டிவ் பூச்சில் விழுந்தவை. உண்மையிலேயே கீற வைரம் அல்லது பட்டறையில் இரும்பு தீட்டும் கிரைண்டிங் கல் வேண்டும். ஆனால் தரையில் விழுந்தால் சில்லாக உடையும். 1969-ல் நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் பிளாஸ்டிக் கண்ணாடிதான். விண்கலத்துக்குள் சில்லுகள் மிதந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்மார்ட் வாட்சில் பேஸ்ட் போட்டால் விரல்ரேகை ஒட்டாமல் காக்கும் பூச்சு போய்விடும், அங்கே ஸ்கிரீன் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீறல் இல்லாமல் விரிசல் என்றால் அவசரம். கண்ணாடித் துகள் உள்ளே விழுந்து முள்ளுக்கடியில் சிக்கினால், முள் சுற்றச் சுற்ற டயலைக் கீறும். சாவியை வெளியே இழுத்து வையுங்கள், பல வாட்சில் முள் நின்றுவிடும், மேலே செலோ டேப் ஒட்டுங்கள், குலுக்காமல் கடைக்குக் கொண்டுவாருங்கள்.