வரிசைகளை எண்ணாமல் அட்டவணைகளை இணைக்காதீர்கள்

ஒரு மருத்துவ ஆய்வின் தரவை, புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் மொழியில் பகுப்பாய்வு செய்தபோது, 1,200 பேரின் விவர அட்டவணையோடு அவர்களுடைய பரிசோதனை முடிவுகளை மெர்ஜ் செயற்கூறு கொண்டு இணைத்தேன். ஆளுக்கு ஒரு முடிவுதான் என்பதால், 1,200 வரிசைகளே இருந்திருக்க வேண்டும், இருந்தவையோ 1,770. மூன்று நாள் கழித்து, சராசரி வயது முந்தைய அறிக்கையோடு ஒத்துப்போகாதபோதுதான் அது என் கண்ணில் பட்டது. இணைத்த வேளையில் திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

முதல் அட்டவணையில் 30 பேருக்கு அடையாள எண் பதிவாகவில்லை. இரண்டாவதில் 20 முடிவுகளுக்கு அது விடுபட்டிருந்தது. விடுபட்ட மதிப்பை ஆர் மொழி என்ஏ என்று குறிக்கிறது. வேறுவிதமாகச் சொல்லாத வரை, ஓர் என்ஏ இன்னோர் என்ஏவுக்குச் சமம் என்றே மெர்ஜ் எடுத்துக்கொள்ளும். ஆர் மொழியில் அட்டவணைகளைக் கையாள உதவும் டிபிளைர் தொகுப்பின் இணைப்புச் செயற்கூறான லெஃப்ட் ஜாயினும் அப்படித்தான். வெற்று மதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாத, தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் பழகியவர்கள் இங்கே எளிதில் ஏமாந்துபோவார்கள். ஆக, எண் இல்லாத 30 பேரில் ஒவ்வொருவரும், யாருடையவை என்றே தெரியாத 20 முடிவுகளோடும் ஜோடி சேர்ந்து, 600 வரிசைகள் முளைத்துவிட்டன. மற்ற 1,170 பேர் ஒழுங்காக ஒருமுறையே வந்திருந்ததால், மேலோட்டமாகப் பார்த்தவரை தரவு சரியாகவே தெரிந்தது.

அன்றிலிருந்து, எந்த இணைப்புக்கு முன்னும் அடையாள எண் நெடுவரிசையில் என்ஏ எத்தனை, இரட்டிப்பு எத்தனை என்று எண்ணிவிட்டு, முடிவில் எத்தனை வரிசைகள் வர வேண்டும் என்பதை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கிறேன். எண்ணிக்கை மாறினால் நிரல் அங்கேயே நின்றுவிடும். 2023இல் வெளிவந்த டிபிளைர் 1.1.1 பதிப்பில், இரு அட்டவணைகளுக்கும் உள்ள உறவு ஒன்றுக்கு ஒன்றா, பலவற்றுக்கு ஒன்றா என்று முன்கூட்டியே அறிவிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. தட்டச்சு செய்ய அரை நிமிடம் ஆகும் அந்த அறிவிப்பைச் சோம்பலால் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வரிசைகள் பெருகுவதைப் போலவே காணாமலும் போகும். எந்த நெடுவரிசையை வைத்து இணைப்பது என்று சொல்லாவிட்டால், இரு அட்டவணைகளிலும் ஒரே பெயருடைய எல்லா நெடுவரிசைகளையும் மெர்ஜ் பயன்படுத்திக்கொள்ளும். இரண்டிலும் ‘தேதி’ என்றொரு நெடுவரிசை இருந்து, ஒன்றில் அது பதிவு செய்த தேதியும் மற்றொன்றில் பரிசோதனைத் தேதியுமாக இருந்தால், அவை தற்செயலாக ஒத்துப்போகும் ஆட்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். எனவே இணைப்புக்குப் பின், ஜோடி கிடைக்காத வரிசைகளை மட்டும் காட்டும் டிபிளைரின் ஆன்டி ஜாயினை ஒருமுறை ஓட்டி, பொருந்தாமல் நின்றவர்கள் யார் என்று பார்த்துவிடுவது நல்லது.

அப்படி நின்றவர்களைப் பார்த்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் மதிப்புகள் கணினிக்கு வேறாக இருப்பது புரியும். எண்ணாக வாசிக்கப்பட்ட அடையாளக் குறியீடு முன்னால் இருந்த பூஜ்ஜியங்களை இழந்திருக்கும். தசம வகையில் உள்ள 1,00,000ஐ எழுத்துச் சரமாக மாற்றினால் அது 1e+05 என்ற அறிவியல் குறியீட்டு வடிவம் எடுத்துவிடும். 1,00,001க்கு அந்தக் கதி நேராது என்பதால் 1,00,000 என்ற எண்ணுடைய அந்த ஒரே ஒரு ஆள் மட்டும் விடுபட்டிருப்பார். தமிழில் பெயர்களை வைத்து இணைப்பவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆர் மொழிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். இணைப்பதற்கு முன் இரு பக்கமும், இத்தகைய குறியீடுகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு இயல்பாக்கம் செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அட்டவணையின் வடிவத்தை மாற்றும்போதும் இதே கணக்குதான். மூன்று வருகைகளின் ரத்த அழுத்தம் மூன்று நெடுவரிசைகளில் இருந்தால், நெடுவரிசைகளை வரிசைகளாக்கும் பிவட் லாங்கர் செயற்கூறு அந்த 1,200 பேரின் அட்டவணையை 3,600 வரிசைகளாக நீட்டும். அதுபோலவே நீட்டிய இன்னோர் அட்டவணையை, வருகை எண்ணை மறந்து அடையாள எண்ணை மட்டும் வைத்து இணைத்தால், ஆளுக்கு மூன்றுக்குப் பதில் ஒன்பது வரிசைகள் வரும். திரும்ப அகலமாக்கும் பிவட் வைடரோ, ஒரே கட்டத்துக்கு இரண்டு மதிப்புகள் வந்தால் அவற்றைப் பட்டியலாக அடைத்துவிட்டு எச்சரிக்கை தரும். அந்த எச்சரிக்கையை அடக்க, சராசரி எடுத்துக்கொள் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டுப் போகிறவர்கள் பலர், நானும் போயிருக்கிறேன். அப்படி அடக்கிய ஒரு கட்டத்தில் ஒரே ஆளுக்கு, ஒரே வருகைக்கு, 118 என்றும் 181 என்றும் இரண்டு பதிவுகள் இருந்தன. யாரும் அளக்காத 149.5 பகுப்பாய்வுக்குள் போயிருந்தது. மூலப் பதிவேட்டில் இருந்தது 118 மட்டுமே.