இரண்டாக இருப்பதால்தான் எடை தெரிகிறது

தென்வானில், தென்சிலுவைக்குப் பக்கத்தில், ஆல்ஃபா சென்டாரி பளிச்சென்று தெரியும். வெறுங்கண்ணுக்கு அது ஒரே புள்ளி. அந்தப் புள்ளியாகக் கணக்கிட்டால் இரவு வானின் விண்மீன்களில் பிரகாசத்தில் மூன்றாவது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார்தான் அந்தப் புள்ளி இரண்டாகப் பிரிவதை முதலில் கவனித்தார். நம் கண் பிரித்தறிய ஏறத்தாழ 60 விகலை இடைவெளி வேண்டும். ஒரு பாகையில் 3600 விகலை. இந்த இரண்டு விண்மீன்களுக்கும் நடுவே அதிகபட்சமே 22 விகலைதான்.

அவை இரண்டாக இருப்பதால் நமக்குக் கிடைக்கும் லாபம் பெரியது. அவற்றை எடை போட முடிகிறது.

தனியாக நிற்கும் விண்மீனின் ஒளியையும் நிறத்தையும் அளக்கலாம். ஆனால் அதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று நேராக அளக்க வழி இல்லை. நிறை தன்னைக் காட்டிக்கொள்வது ஈர்ப்பில்தான், ஈர்ப்பு தெரிய வேண்டுமானால் இழுபட இன்னொன்று வேண்டும். சூரியனின் நிறையையே பூமியும் மற்ற கோள்களும் சுற்றும் விதத்தை வைத்துத்தான் சொல்கிறோம். ஆல்ஃபா சென்டாரியில் பெரியதை ஏ என்றும் சிறியதை பி என்றும் அழைக்கிறார்கள். ஒன்றை ஒன்று இழுத்தபடி ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கணக்காகக் குறித்துவைத்த இடங்களை இணைத்தால் ஒரு நீள்வட்டம் வரும். நாம் அதைக் கிட்டத்தட்ட விளிம்பிலிருந்து பார்ப்பதால் ஒடுங்கித் தெரிகிறது. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏ அசையாமல் நிற்பதாக வைத்து பி-யின் பாதையை வரைந்தால், கோள்களின் பாதைகளுக்குக் கெப்ளர் கண்ட விதிப்படி, ஏ அந்த நீள்வட்டத்தின் குவியத்தில், அதாவது மையத்தை விட்டு நீளவாக்கில் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும் ஒரு குறிப்பிட்ட புள்ளியில், இருக்க வேண்டும். சாய்ந்த படத்திலோ அது குவியத்தை விட்டுத் தள்ளி நிற்கும். அந்த விலகலே சாய்வைச் சொல்லிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: படத்தில் இருக்கும் கோணலே, படத்தை நிமிர்த்தும் வழியையும் காட்டுகிறது.

நிமிர்த்திய நீள்வட்டத்தின் பாதி நீளம் 17.5 விகலை. இதைத் தூரமாக மாற்ற, அந்த விண்மீன் நமக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும்போது, பக்கத்தில் உள்ள விண்மீன் பின்னணிக்கு எதிரே லேசாக இடம் மாறித் தெரியும். நன்னம்பிக்கை முனையிலிருந்து தாமஸ் ஹென்டர்சன் இதை அளந்து 1839-இல் வெளியிட்டார். இன்றைய அளவு 0.75 விகலை, அதாவது சுமார் 4.3 ஒளியாண்டு. அந்தத் தொலைவில் பூமி–சூரியன் தூரம் 0.75 விகலையாகத் தெரியும் என்பதுதான் இதன் பொருள். 17.5-ஐ 0.75-ஆல் வகுத்தால் 23.3. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல 23.3 மடங்கு என்று பொருள்.

இனி கெப்ளரின் மூன்றாம் விதி: பூமி–சூரியன் தூரத்தை அலகாக வைத்த தூரத்தின் கனத்தை, ஆண்டுகளில் சொன்ன சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், மொத்த நிறை சூரியன் கணக்கில் கிடைக்கும். 23.3 × 23.3 × 23.3 என்று பெருக்கினால் சுமார் 12,650. 80-இன் வர்க்கம் 6,400. வகுத்தால் ஏறக்குறைய 2. இரண்டும் சேர்ந்து இரண்டு சூரியன்களின் நிறை!

யாருக்கு எவ்வளவு பங்கு? ஒரு கம்பின் இரு முனைகளிலும் வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமப்பவர், கனமான வாளியின் பக்கமாகத் தோளை நகர்த்திக்கொள்வார். இங்கேயும் இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலைப் புள்ளி இருக்கிறது. இரண்டுமே உண்மையில் அதைத்தான் சுற்றுகின்றன. கனமானது அதற்குக் கிட்டே, சிறிய பாதையில் போகும். பின்னணி விண்மீன்களை வைத்து இரண்டின் ஆட்டத்தையும் தனித்தனியே அளந்தால் பங்கு பிரிந்துவிடும்: ஏ 1.08 சூரியன், பி 0.91 சூரியன்.

நிறையில் இவ்வளவு சின்ன வித்தியாசம், ஆனால் ஏ சூரியனைப்போல ஒன்றரை மடங்கு ஒளிர்கிறது, பி பாதிதான். நிறை கொஞ்சம் கூடினாலும் மையத்தில் அழுத்தமும் வெப்பமும் ஏறி, எரிபொருள் வேகமாகத் தீரும். தனி விண்மீன்களின் நிறையைச் சொல்லும் கணக்குகளைச் சரிபார்ப்பதே இப்படிப்பட்ட இரட்டைகளை வைத்துத்தான்.

இவற்றோடு பிராக்சிமா என்ற மூன்றாவது மங்கல் விண்மீனும் உண்டு. அது வெகுதூரத்தில் இருப்பதால் இந்தக் கணக்கைக் கலைப்பதில்லை.

ஏ-யும் பி-யும் ஒரே தூரத்தில் இருப்பதில்லை. பூமி–சூரியன் தூரத்தைப்போல 11 மடங்குக்கும் 35 மடங்குக்கும் இடையே நெருங்கி விலகுகின்றன. கடைசியாக நெருங்கியது 1955-இல். அடுத்தது 2035-இல். நம் கோணத்திலிருந்து பார்க்கையில் 2016 வாக்கில் 4 விகலை வரை ஒட்டித் தெரிந்தன, அப்புறம் விலகித் தெரியத் தொடங்கின. சிறிய தொலைநோக்கி இருந்தால் போதும், ரிஷோ பார்த்த அதே இரண்டு புள்ளிகளைப் பார்க்கலாம். சில ஆண்டுகள் விடாமல் குறித்துவந்தால், அவை இடம் மாறியிருப்பதும் தெரியும்.