ஐடில் ஸ்குரூவில் கை வைக்காதீர்கள்

இந்த வசந்தத்தில் மட்டும் இது நான்காவது கார். பனி கரைந்து, மேல்மூடியைத் திறந்துகொண்டு ஓடலாம் என்ற நாள் வந்ததும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற என் கராஜுக்குப் பழைய மஸ்டா மியாட்டாக்கள் வரத் தொடங்கும். எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு: ஐடிலில், அதாவது காலை எடுத்துவிட்டுச் சிக்னலில் நின்றால், இஞ்சின் குலுங்குகிறது, இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுகிற ஆர்பிஎம் முள்ளு ஏறி இறங்குகிறது, கிளச்சை மிதித்துக்கொண்டு சந்தியை நெருங்கினால் அப்படியே நின்றுபோகிறது.

கடைசியாக வந்தது 1991 மொடல், சிவப்பு, 1.6 லீட்டர் இஞ்சின். கொண்டுவந்த தம்பிக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். அதற்கு முதல் நாள் இடதுபக்கம் திரும்பும்போது எதிரே வாகனங்கள் வந்துகொண்டிருக்க, நடுச்சந்தியில் கார் நின்றுவிட்டது, ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. கதை சொல்லும்போதே அவனுக்குக் கை நடுங்கியது. “அண்ணை, ஐடில் வால்வு மாத்தீட்டன், ஒக்சிஜன் சென்சர் மாத்தீட்டன், இன்ஜெக்டரும் கழுவிப் போட்டன். இனி என்னத்தை மாத்துறது?” என்றான். முள்ளைப் பார்த்தேன், 850இல் நிற்க வேண்டியது 1,500இல் நிற்கிறது. “தம்பி, ஐடில் ஸ்குரூவைத் திருகினீரோ?” “ஓம் அண்ணை, நிக்காமல் இருக்கத்தானே.”

இதைத்தான் எத்தனை தரம் சொல்வது என்று தெரியவில்லை. ஐடில் ஸ்குரூ நோய்க்கு மருந்து இல்லை. காலால் மிதித்தால் திறந்து இஞ்சினுக்குக் காற்றை விடுகிற த்ரொட்டில் தகட்டைச் சுற்றிக்கொண்டு போகிற ஒரு சின்னக் காற்றுவழியை அது கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். 1990 முதல் 1993 வரை வந்த 1.6 மியாட்டாவில் காற்றை அளக்கிற மீற்றர், த்ரொட்டிலுக்கு வெகு முன்னால் இருக்கிறது. உள்ளே ஒரு சின்னக் கதவு. எவ்வளவு காற்று அந்தக் கதவைத் தள்ளுகிறதோ அதற்கேற்பத்தான் கொம்பியூட்டர் பெற்றோல் கொடுக்கும். கதவைத் தாண்டிய பிறகு எங்காவது ஒரு ஓட்டை இருந்தால், அதனூடாக வருகிற காற்று கணக்கில் வராது, அதற்குப் பெற்றோலும் கிடைக்காது. ஹைவேயில் இஞ்சின் பெருமளவு காற்றை இழுப்பதால் அந்த ஓட்டைக் காற்று தெரியவே தெரியாது. ஐடிலில் இஞ்சின் இழுப்பதே கொஞ்சக் காற்று, அதில் கணிசமான பங்கு களவாக வந்தால் குலுங்காமல் என்ன செய்யும்? ஸ்குரூவைத் திறந்தால் கதவு வழியாக வருகிற காற்று கூடுகிறது, கூடவே பெற்றோலும் கூடுகிறது, குலுக்கம் அடங்கிவிடுகிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது. பழைய றப்பர் நாளுக்கு நாள் இன்னும் விரிந்துகொண்டே போகும், நீங்களும் இன்னும் கொஞ்சம் திருகுவீர்கள். ஒருநாள் திருகுவதற்கு இடமே இருக்காது. அந்த நாள் உங்கள் வீட்டு வாசலில் வராது, சந்தியில்தான் வரும்.

இன்னும் மோசமானது, ஐடில் ஸ்குரூ எது என்று தெரியாமல் த்ரொட்டில் தகடு சாய்ந்து நிற்கிற ஸ்டொப் ஸ்குரூவைத் திருகுவது. அது தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியது. அதைத் திருகினால் தகடு முழுதாக மூடாது, கால் எடுத்துவிட்டீர்கள் என்று சொல்கிற சுவிட்ச் வேலை செய்யாது, கொம்பியூட்டருக்கு ஐடில் என்பதே தெரியாமல் போய்விடும். அப்புறம் என்னிடம் வந்தால் முதலில் உங்கள் பிழையைத் திருத்திவிட்டுத்தான் காரின் பிழையைத் தேட வேண்டும். அந்த மணித்தியாலங்களுக்கும் காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சரி, அந்தத் தம்பியின் காருக்கு வருவோம். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் மூடியைக் கழற்றினேன். நல்ல 1.6 என்றால் அந்த இடத்திலேயே தடுமாறும், நிற்கவும் பார்க்கும், ஏனென்றால் நீங்களே ஒரு ஓட்டையைத் திறந்துவிட்டீர்கள். இது பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. அப்படியென்றால் ஏற்கெனவே எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது. காற்று மீற்றரிலிருந்து த்ரொட்டிலுக்குப் போகிற பாதையில் மடிப்பு மடிப்பாக ஒரு றப்பர்க் குழாய் இருக்கும். மேலே துடைத்துப் பார்த்தால் புதுசு மாதிரி. இஞ்சினை நிறுத்தி, கையை அடியில் விட்டு மடிப்பை வளைத்தேன். என் சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. விட்டால் மூடிக்கொள்கிறது, வளைத்தால் வாய் பிளக்கிறது. இஞ்சின் அசையும்போதெல்லாம் இது திறந்து மூடியிருக்கிறது. குழாயை மாற்றிப் பூட்டி, டயக்னோசிஸ் என்று மூடியில் எழுதியிருக்கிற சின்னப் பெட்டியில் டென், கிரவுண்ட் என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து, சூடேறிய இஞ்சினில் ரைமிங், அதாவது பிளக் பொறி விடுகிற நேரம், 10 பாகையில் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்குரூவைப் பழையபடி உள்ளே திருகி 850க்குக் கொண்டுவந்தேன். அந்த வயரைப் போடாமல் ஐடில் வைத்தால் கொம்பியூட்டர் உங்களோடு இழுபறிப்படும், வைத்தது நிற்காது. அவன் மாற்றிய சாமான்களுக்குப் போன காசில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை.

எல்லாக் காரிலும் குழாய்தான் பிழை என்று சொல்லவில்லை. இஞ்சினைக் குளிராக்குகிற கூலன்ற் குறைந்தால் ஐடில் வால்வின் மெழுகுப் பகுதிக்குச் சூடு போகாது, அப்போதும் முள்ளு ஏறி இறங்கும், முதலில் கூலன்ற் மட்டத்தைப் பாருங்கள். மழையில் மட்டும் குலுங்கினால் பிளக் வயர், இந்தக் காரில் அது அடிக்கடி போகிற சாமான். குளிர்காலம் முழுக்கத் தாங்கியில் கிடந்த பெற்றோலையும் சந்தேகப்படுங்கள். தொடக்க கால இஞ்சின்களில் முன்புல்லி பூட்டியிருக்கிற கிராங் தண்டின் முனை பலவீனமானது, முன்புல்லி ஓடும்போது தள்ளாடினால் வேறு எதையும் தொடாமல் காரை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஓட்டை தேடுகிறேன் என்று ஓடுகிற சூடான இஞ்சின்மேல் காபுரேற்றர் கிளீனரை அடிக்கிற வேலையைத் தயவுசெய்து விடுங்கள். பக்கத்தில் எக்ஸோஸ்ட் கொதிக்கிறது, பழைய பிளக் வயர் பொறி விடும், தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? ஸ்மோக் மெஷின் உள்ள எந்தக் கராஜிலும் கொஞ்ச நேரத்தில் புகை விட்டுக் காட்டிவிடுவார்கள். வீட்டுக் கராஜை மூடிவைத்துக்கொண்டு இஞ்சினை ஓடவிடவே கூடாது. குளிர் என்று சொல்லாதீர்கள், கதவைத் திறவுங்கள்.

நடுவழியில் நின்றுவிட்டால் பதறாமல் ஹசார்ட் லைட்டைப் போடுங்கள். பிரேக்கை விட்டு விட்டுப் பலதரம் மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள், பிரேக்குக்கு இஞ்சின் தருகிற உதவி ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிஞ்சியிருக்கும். பவர் ஸ்டியரிங் என்றால் வழக்கத்தைவிட நன்றாகப் பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும்.

யாரிடமாவது கொண்டுபோகிறீர்கள் என்றால், என்னென்ன மாற்றினேன் என்ற பட்டியலைவிட எப்போது நிற்கிறது என்பதை எழுதிக்கொண்டு போங்கள். குளிரிலா, சூடேறிய பிறகா? திரும்பும்போதா, கிளச்சை மிதிக்கும்போதா? லைட் போட்டால் கூடுகிறதா? கழற்றிய பழைய சாமான்களையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். அந்தத் தம்பியின் பழைய ஐடில் வால்வைக் கழுவித் திரும்பப் பூட்டினேன், அது நன்றாகவே வேலை செய்கிறது.