எட்டு வாரக் கர்ப்பமும் ஆறு வாரக் கருவும்

கர்ப்பம் எத்தனை வாரம் என்று காட்ட ஸ்கேன் அறிக்கையில் வரும் ‘ஜெஸ்டேஷனல் ஏஜ்’ என்பதைக் ‘கருவின் வயது’ என்று தமிழாக்குகிறார்கள். கைபேசி மொழிபெயர்ப்பில் அப்படித்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் கர்ப்பிணிக் குறிப்புகளிலும் அப்படித்தான். இங்கே மொரீசியசில், கோவில் மண்டபத்துத் தமிழ் வகுப்புக்கு ஒருவர் அச்செடுத்து வந்த துண்டுப்பிரசுரத்திலும் அதே தொடர். இது தவறு. எழுத்துப் பிழையைப் போலக் கண்டும் காணாமல் விட்டுவிடக்கூடிய தவறும் இல்லை. கணக்கையே இரண்டு வாரம் பிசகவைக்கும் தவறு.

கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் விளங்கும். உலகம் முழுக்க மருத்துவர்கள் கர்ப்பத்தை எண்ணத் தொடங்குவது, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. அன்றைக்குக் கரு என்று ஒன்று கிடையாது. இருபத்தெட்டு நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குச் சுமார் பதினான்காம் நாள் முட்டை வெளிப்படும். கரு தரிப்பது அதற்குப் பிறகுதான். அப்படியானால் முதல் இரண்டு வாரம் எதன் வயது? எதன் வயதும் இல்லை. கரு தரித்த நாளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, விலக்கு வந்த நாளைப் பெண் நினைவு வைத்திருப்பாள். அதனால் தெரிந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். அறிக்கையில் எட்டு வாரம் என்றிருந்தால் உள்ளே இருக்கும் கருவுக்கு ஏறத்தாழ ஆறு வாரம். அதன் நீளம் தலையிலிருந்து பிட்டம் வரை ஒன்றரை சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும்.

இந்த இரண்டு வாரம் என்ன செய்யும் என்பதை எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். கல்யாணமாகி ஆறு வாரம் கடந்திருந்தது. ஸ்கேனில் எட்டு வாரம் என்று எழுதியிருந்தார்கள். அதைக் கைபேசியில் தமிழாக்கி ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்: ‘கருவின் வயது 8 வாரம்’. அந்த அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “என்னடி இது, எனக்கு மட்டும் சொல்லு” என்று தொலைபேசியில் அழுதிருக்கிறார். பெண் பதறிப்போய்விட்டாள். விலக்கு கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது, கணக்கு அங்கேதான் தொடங்குகிறது என்று விளக்கிச் சொல்ல ஒரு தாதி கிடைத்தபடியால் பிரச்சினை தீர்ந்தது. எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? மொழிபெயர்ப்பாளர்கள் இதை யோசிப்பதே இல்லை. வயது என்று சொன்னால், அத்தனை நாளாக ஒன்று உயிரோடு இருந்தது என்றுதான் தமிழ் கேட்பவர் எடுத்துக்கொள்வார். வேறு விதமாக எடுத்துக்கொள்ளத் தமிழில் வழி இல்லை.

மூலச்சொல்லே வயிற்றில் உள்ள கருவைப் பற்றியது அல்ல. லத்தீனில் ‘கெஸ்தாரே’ என்றால் சுமத்தல். ஆக, அது சுமக்கும் காலம். சுமப்பவள் தாய். ‘பத்து மாதம் சுமந்து பெற்றேன்’ என்று நம் தாய்மார் சொல்வதும் அதே சுமையைத்தான். காலம் தாயினுடையது, அதைத் தூக்கிக் கருவின் தலையில் வைத்தது மொழிபெயர்ப்பாளரின் கைவேலை.

‘கருவின் வயது’ என்பதைத் தாங்கிப் பேசுபவர்கள் இரண்டு நியாயம் சொல்கிறார்கள். ஏஜ் என்றால் வயதுதானே என்பது ஒன்று. தூணின் வயது, மரத்தின் வயது எல்லாம் சொல்கிறோமே, கர்ப்பத்துக்கு வயது இருக்கக்கூடாதா என்றால், இருக்கலாம். அப்போது ‘கர்ப்பத்தின் வயது’ என்று எழுதுங்கள். ஏன் கருவுக்குப் போகிறீர்கள்? கருவுக்கு நிஜமாகவே ஒரு வயது உண்டு. கருவியல் பாடம் படிப்பவர்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணும் அந்த வயதையே பயன்படுத்துகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டால் பிறகு அந்த இரண்டாவதைச் சொல்ல எந்தச் சொல்லைத் தேடுவது?

மற்றது, எல்லாருக்கும் புரிந்த சொல் என்பது. புரிந்தது என்று நினைக்கிறார்கள், தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். புரியாத சொல்லாவது கேள்வி கேட்க வைக்கும். தப்பாகப் புரியும் சொல் வாயை அடைத்துவிடும். மருத்துவத் தமிழில் இதைவிடப் பெரிய ஆபத்து எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்தில் தூய தமிழ் அன்பர்கள் ‘சூல் அகவை’ என்று எழுதுகிறார்கள். சூல் என்ற சொல்லின் மேல் எனக்குத் தீராத ஆசை உண்டு. சூல்கொண்ட மேகம், சூல்கொண்ட பயிர், சூலி என்று எவ்வளவு அழகான சொல். ஆனாலும் இந்த இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பள்ளித் தாவரவியலில் சூல் என்றால் விதையாக மாறும் உறுப்பு, சூலகம் என்றால் அதைத் தாங்கும் பை. அதைப் படித்து வளர்ந்த பிள்ளைக்கு ‘சூல் அகவை 8’ என்றால் முட்டையின் வயது என்றுதான் தோன்றும். கர்ப்பம் வடசொல் என்பது எனக்கும் தெரியும். நம் பாட்டிமார் அதைக் ‘கெர்ப்பம்’ என்று தங்கள் வாய்க்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவிட்டார்கள். அதைப் பிடுங்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. ‘கர்ப்ப வாரம்’ போதும். ‘எட்டு வாரக் கர்ப்பம்’ என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இனி, இந்தத் தீவுக்கே உரிய ஒரு சிக்கல். நம் மருத்துவர்களில் பிரிட்டனில் படித்தவர், இந்தியாவில் படித்தவர், பிரான்சில் படித்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். பிரெஞ்சு முறையில் ‘எஸ்.ஆ.’ என்று இரண்டு எழுத்து போடுவார்கள்: ‘செமேன் தாமெனோரே’, அதாவது விலக்கு இல்லாத வாரங்கள். அதற்குப் பக்கத்தில் ‘செமேன் த குரோசெஸ்’ என்று இன்னொரு கணக்கும் உண்டு. அது கரு தரித்ததிலிருந்து எண்ணுவது. முதலாவதில் இரண்டு கழித்தால் இரண்டாவது. பிரெஞ்சுக்காரர் இரண்டு கணக்குக்கும் இரண்டு பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள். நாமோ இரண்டையும் ‘கருவின் வயது’ என்ற ஒரே பானையில் கொட்டிக் கிளறுகிறோம்.

அமெனோரே கிரேக்கச் சொல்: இல்லை, மாதம், ஒழுக்கு என்ற மூன்று துண்டு. இதை ‘மாதவிடாய் நின்ற வாரம்’ என்று ஒரு குறிப்பில் பார்த்தேன். மாதவிடாய் நிற்பது என்றால் தமிழில் ஐம்பது வயதை ஒட்டி வருவது. கர்ப்பிணிப் பெண்ணிடம் போய் அதைச் சொல்லலாமா? நமக்கு இதைவிடப் பொருத்தமான பழைய சொல் வீட்டிலேயே இருக்கிறது. ‘முழுகாமல் இருக்கிறாள்.’ விலக்கு முடிந்து தலைமுழுகுவது வழக்கம். விலக்கு வரவில்லை, ஆகவே முழுக்கும் இல்லை. விலக்கை வைத்தே கர்ப்பத்தை எண்ணும் முறை இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ‘முழுகாத வாரம் எட்டு’ என்று எழுதினால் பிரெஞ்சுக் குறிப்புக்கு அதைவிட நெருக்கமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. தலைமுழுக்கில் தீட்டு என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இளம்பெண்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். அது உண்மை. அந்த வழக்கத்தை நானும் ஆதரிக்கவில்லை. வழக்கம் போகட்டும், சொல் நிற்கட்டும் என்பதே என் கட்சி. மனம் ஒப்பாதவர்கள் ‘விலக்குக் கணக்கில் எட்டு வாரம்’ என்று எழுதலாம். அதுவும் தெளிவுதான்.

அடுத்தது பிரசவ நாள். ‘டியூ டேட்’ என்பதற்கு ‘நிலுவைத் தேதி’ என்று வருகிறது. மின்கட்டணமா அது? பிள்ளை என்ன கடனா? இன்னும் சிலர் ‘கெடு’ என்கிறார்கள். கெடு தாண்டினால் தண்டனை என்பது அந்தச் சொல்லின் குணம். அந்த நாள் வந்தும் வலி வராத பெண் ஏதோ தப்பு செய்துவிட்டது போல நடுங்குவதற்குச் சொல்லும் ஒரு காரணம். சொன்ன நாளிலேயே பிறக்கும் பிள்ளை நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் ஆகும்முன் பிறந்தால் அது நிறைமாதப் பிள்ளை. மருத்துவர் சொல்லும் நாள் ஒரு மதிப்பீடு, அவ்வளவே. ‘உத்தேசப் பேறுநாள்’ என்பேன். உத்தேசம் என்ற சொல் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பேறுகாலம், மகப்பேறு என்று நம்மிடம் இருக்கும் சொற்களோடு பேறுநாளும் உறவாக உட்கார்ந்துவிடும்.

அந்த நாளைக் கணிக்கும் விதி ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்த மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் கார்ல் நேகலே (1778–1851) பெயரால் வழங்குகிறது. கடைசி விலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போய், ஒரு வருடம் சேர்ப்பது. மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. ஒவ்வொரு நாளாக 280 நாள் எண்ணினால் டிசம்பர் 15 வரும். மாதங்கள் சமமாக இல்லாததால் வரும் வித்தியாசம் அது. பிரான்சில் 41 வாரத்தை முடிவாகக் கொள்வதால் அவர்கள் சொல்லும் நாள் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இருக்கும் தங்கைக்கு ஒரு நாளும் இங்கே இருக்கும் அக்காவுக்கு வேறு நாளும் சொல்வது இதனால்தான், இருவருக்கும் ஒரே நாளில் விலக்கு வந்திருந்தாலும். சுழற்சி ஒழுங்காக இல்லாதவர்களுக்கு இந்த விதி உதவாது. அவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் நாள்தான் நம்பத்தக்கது. மாதம் ஏற ஏற ஸ்கேன் கணக்கும் தளர்ந்துபோகும், ஏனென்றால் பிள்ளைகள் வெவ்வேறு வேகத்தில் வளரத் தொடங்கிவிடுகிறார்கள்.

‘பத்து மாதம்’ பொய்யா என்று கேட்கிறார்கள். இருபத்தெட்டு நாள் கொண்ட மாதம் பத்து என்றால் 280 நாள். காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பதும் சில நாட்களும். நம் பாட்டிகள் தவறவில்லை.

அவர்கள் எண்ணும் விதத்திலும் ஒரு நுட்பம் இருந்தது. ‘அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது’ என்பார்கள். முடிந்ததும் நடப்பதும் தனித்தனி. மொழிபெயர்ப்பாளர்கள் இதையும் கெடுத்துவிட்டார்கள். மருத்துவர் சொல்லும் இருபது வாரம் முடிந்த வாரம். அதை ‘20-வது வாரம்’ என்று எழுதினால் பத்தொன்பது முடிந்து இருபது நடக்கிறது என்று பொருள். ஒரு வாரம் அங்கேயே காணாமல் போய்விடும். ஏற்கெனவே இரண்டு வாரம் பிசகியதோடு இது இன்னொரு பிசகு.

1998-ல் வந்த புதிய மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது இந்தத் தீவின் தமிழர் எழுப்பிய குரலால் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு வரி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதற்கு அவ்வளவு அக்கறை காட்டியவர்கள் நாம். அந்த அக்கறையில் பாதியாவது கர்ப்பிணிகள் வாசிக்கும் காகிதத்துக்கும் வேண்டும். தமிழாக்கும் முன் ஒரு தாதியையாவது கேளுங்கள். அவருக்குச் சொல் தெரியாமல் இருக்கலாம், கணக்கு தெரியும்.

துண்டுப்பிரசுரம் எழுதுபவர்களுக்கு நான் கேட்பது இவ்வளவுதான்: கடைசி விலக்கு தொடங்கிய நாள், கர்ப்பம் முடிந்த வாரமும் நாளும், உத்தேசப் பேறுநாள் என்று மூன்றையும் தனித்தனி வரியில் போடுங்கள். வார எண்ணிக்கை எந்த நாளிலிருந்து என்பதை அடைப்புக்குள் ஒரு முறை சொல்லுங்கள். அறிக்கையில் 8+3 என்றிருந்தால் அது எட்டு வாரம் மூன்று நாள், 8.3 என்று தசமமாக மாற்றி எழுதாதீர்கள், அது எட்டு வாரம் இரண்டு நாள் ஆகிவிடும்.