ஊசி படிப்பது ஒன்று, காது கேட்பது ஒன்று

நாலு வருடத்துக்கு முன்னால் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். கனமான சுழல்தட்டு, பளபளக்கும் கை, அதன் நுனியில் புதிதாக மாட்டிய முள். வீட்டிலிருந்த ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் ‘ஆக்ஸ்’ என்று எழுதிய இடத்தில் வயரைச் சொருகி, எண்பதுகளின் சினிமாப் பாட்டு எல்பி (பெரிய வினைல் இசைத்தட்டு) ஒன்றை வைத்தேன்.

வால்யூமை முக்கால்வாசி திருப்பியும் பாட்டு எங்கோ நாலு வீடு தள்ளி ஓடுவது போலக் கேட்டது. தபேலா இருக்க வேண்டிய இடத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம். வயலின்களோ காதைக் கீறின. “என்ன மாப்ள, கொசு பாடுற மாதிரி இருக்கு?” என்றார் மாமா. அவர் வீட்டில் ஒரு காலத்தில் சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகும் பிளேயர் இருந்தது. பிளக்கைச் சொருகினால் போதும், தெருவுக்கே கேட்கும். “அதுல இந்த மாதிரி பஞ்சாயத்தெல்லாம் கிடையாது” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பிளேயர் பழுது என்றுதான் நானும் நினைத்தேன். பழுதில்லை. தட்டில் என்ன இருந்ததோ அதை முள் அப்படியே படித்தது. தட்டில் இருந்ததே கொசுப் பாட்டுதான்.

எல்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான வட்டங்கள் தெரியும். உண்மையில் ஒரு பக்கத்துக்கு ஒரே கோடுதான். வெளி விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு நடுவுக்கு வருகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் 20 நிமிடப் பக்கத்தில் 667 சுற்றுக்கள். பிரித்து நீட்டினால் நானூறு மீட்டரைத் தாண்டும். ஏர் உழுத சால் போல, அடியில் குறுகி மேலே விரிந்த பள்ளம் அது. அகலம் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். உழவுச் சால் போல இருப்பதால் சால் என்றே சொல்லிவிடுகிறேன். சாலின் சுவர்கள் நேராகப் போகாமல் நெளிந்துகொண்டே போகின்றன. அந்த நெளிவுதான் பாட்டு.

ஒரு சுற்றுக்குச் சரியாக 1.8 நொடி. ‘கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி’ என்று திட்டுகிறோமே, அந்த ரெக்கார்டு எல்பியாக இருந்தால் 1.8 நொடிக்கு ஒரு தடவை அதே வார்த்தை வரும். கீறலில் இடறிய முள் பக்கத்துச் சாலுக்குத் தாவி, ஒரு சுற்று முடிந்து திரும்பவும் அதே கீறலுக்கே வந்து சேருகிறது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சில தட்டுகளில் பாட்டு தொடங்குவதற்கு 1.8 நொடி முன்பே அதன் முதல் ஓசை ஆவி மாதிரி மெலிதாகக் கேட்கும். அடுத்த சுற்றில் இருக்கும் பலமான நெளிவு, நடுச்சுவரைத் தள்ளி இந்தப் பக்கமும் லேசாகப் பதிந்துவிட்டதன் விளைவு. இரவில் வீடு அடங்கிய பிறகு கேட்டுப் பாருங்கள்.

சரி, முள்ளுக்கு வருவோம். அதன் நுனி ஒரு வைரத் துணுக்கு. அது மெல்லிய உலோகத் தண்டு ஒன்றின் முனையில் ஒட்டியிருக்கும். தண்டின் மறுமுனையில் பொடிக் காந்தம், காந்தத்தின் அருகே கம்பிச் சுருள்கள். சால் நெளிந்தால் வைரம் ஆடும், வைரம் ஆடினால் காந்தம் ஆடும், காந்தம் ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்ட அதே தத்துவம்தான். காவிரியில் சுழலும் நீர்மின் டர்பைனுக்கும் இந்த முள்ளுக்கும் அளவில்தான் வித்தியாசம். ஆனால் அளவு வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை. முள்ளும் காந்தமும் சுருளும் அடங்கிய இந்தப் பொடிப் பெட்டியைக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். இந்த வகை தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட், அதாவது நானூறு மடங்கு. ஆக்ஸ் வழி சிடி மாதிரியான பலசாலிகளுக்காகக் கட்டியது. என் பாட்டு நாலு வீடு தள்ளிக் கேட்டது அதனால்தான்.

சத்தம் குறைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. தபேலா எங்கே போனது?

காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு ஒரு குணம் உண்டு. முள் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை அது பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதையே பார்க்கிறது. நொடிக்கு 1000 தடவை ஆடும் முள்ளும் 50 தடவை ஆடும் முள்ளும் ஒரே வேகத்தைத் தொட வேண்டுமானால், நிதானமாக ஆடுவது இருபது மடங்கு அகலமாக ஆட வேண்டும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள்: மெதுவாகப் போய்வருகிற ஊஞ்சலில் காற்று முகத்தில் அடிக்க வேண்டுமென்றால் கூரையைத் தொடுகிற மாதிரி வீசித்தான் ஆட வேண்டும். தபேலா மாதிரி நிதானமாக ஆடும் அடித்தள ஓசைகளை உள்ளபடியே செதுக்கினால் சால் இரண்டு பக்கமும் அகல வீசிப் பக்கத்துச் சாலில் போய் இடிக்கும். இடிக்காமலிருக்க இடைவெளி விட்டால் ஒரு பக்கத்தில் ஏழெட்டு நிமிடம்கூட அடங்காது.

கீச்சு ஓசைகளுக்கு நேர்மாறான தொல்லை. அவற்றின் நெளிவு மிகவும் நுண்மையானது. தட்டின் சொரசொரப்பு எழுப்பும் ‘ஸ்ஸ்’ சத்தத்தில் மூழ்கிப்போகும்.

ஆக, பொறியாளர்கள் ஒரு தகிடுதத்தம் செய்தார்கள். தட்டு வெட்டும்போதே அடித்தள ஓசையை வெகுவாகக் குறைத்து, கீச்சு ஓசையை வெகுவாகக் கூட்டிவிட்டார்கள். நடுவிலுள்ள 1000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 1000 ஆட்டம்) அளவுகோலாக வைத்தால், 20 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகவும் 20,000 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்காகவும் செதுக்கப்படுகின்றன. பாட்டுக் கேட்கும் வீட்டில் இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும்: கீழ் ஓசையைத் தூக்கி, மேல் ஓசையை இறக்க வேண்டும். இறக்கும்போது தட்டின் ‘ஸ்ஸ்’ சத்தமும் சேர்ந்தே இறங்குகிறது. அதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதில் ஆரம்பத்தில் கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சங்கம் ஒரே கணக்கை வகுத்தது. அதன் பெயராலேயே அதை ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்கிறார்கள்.

பழைய ஆம்ப்ளிஃபையர்களின் முதுகில் ‘ஃபோனோ’ என்று ஒரு வழி இருக்கும். ஐந்து மில்லிவோல்ட்டைப் பெருக்குவதும் வளைவைத் திருப்புவதும் அதற்குப் பின்னாலிருக்கும் சர்க்யூட்டின் வேலை. சிடி வந்து தட்டுகள் ஓரங்கட்டப்பட்டதும் பல கம்பெனிகள் செலவு மிச்சமென்று அதை எடுத்துவிட்டன. என் ஆம்ப்ளிஃபையர் அந்தத் தலைமுறை. அந்த வேலையைத் தனியாகச் செய்யும் உள்ளங்கை அளவு ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து நடுவில் சொருகினேன். தபேலா வந்துவிட்டது.

கூடவே ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமலும் வந்தது! நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீழ் ஓசைகளை ஏற்றி அனுப்பும் சர்க்யூட்டுக்கு, வயரில் ஒட்டிக்கொண்டு வரும் கரண்டின் முனகலுக்கும் பாட்டுக்கும் பேதம் தெரியாது. அதையும் ஏழு மடங்கு தூக்கிக் கொடுக்கும். பிளேயரிலிருந்து தனியாக ஒற்றை வயர் ஒன்று தொங்குகிறதே, அது எர்த் வயர். நான் எதற்கென்று தெரியாமல் சுருட்டி வைத்திருந்தேன். ப்ரீஆம்பின் திருகில் மாட்டியதும் உறுமல் நின்றது.

அப்புறம் மாமாவின் சூட்கேஸ் பிளேயர். அதற்கு மட்டும் ஏன் பஞ்சாயத்து இல்லை? எச்எம்வி ஃபியஸ்டா மாதிரி அந்தக் காலப் பெட்டி பிளேயர்களில் காந்தம் கிடையாது. கிரிஸ்டல் அல்லது செராமிக் துண்டு ஒன்று இருக்கும். அடுப்படியில் காஸ் லைட்டரை ‘டக்’ என்று அழுத்தினால் பொறி பறக்கிறதல்லவா, அதே வித்தை: சில படிகங்களை நசுக்கினாலோ வளைத்தாலோ மின்னழுத்தம் உண்டாகும். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தது. முள் படிகத்தை வளைக்க, மில்லிவோல்ட் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். தனிப் ப்ரீஆம்ப் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். படிகம் வேகத்தைப் பார்ப்பதில்லை, எவ்வளவு வளைந்தது என்ற தூரத்தையே பார்க்கிறது. கீழ் ஓசையைக் குறைத்து மேல் ஓசையைக் கூட்டிச் செதுக்கிய சாலில் எல்லா ஓசைக்கும் நெளிவின் அகலம் ஏறக்குறைய ஒன்றுபோல வந்துவிடுகிறது. தூரம் பார்க்கிற படிகத்துக்கு அது கிட்டத்தட்டச் சரியான பாட்டு! திருப்ப வேண்டிய வளைவைப் படிகம் தன் குணத்தாலேயே திருப்பிவிடுகிறது. மலிவான பிளேயர்கள் சுலபமாகப் பாடிய ரகசியம் இவ்வளவுதான். கிரிஸ்டல் வகையில் ரோஷெல் உப்பு என்ற படிகத்தைப் பயன்படுத்தினார்கள். பெயரிலேயே உப்பு இருக்கிறது, ஈரம் ஆகாது. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அது சீக்கிரம் செத்துப்போகும். முள் அழுத்தமும் அதிகம், தட்டைத் தேய்க்கும். மாமாவிடம் இந்தக் குறையைச் சொன்னால் கோபப்படுவார்.

பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் சீக்கிரமே சந்திக்கும் இன்னொரு வருத்தம்: பக்கத்தின் கடைசிப் பாட்டு முதல் பாட்டு அளவுக்குத் தெளிவாக இருக்காது. தட்டு சுற்றும் வேகம் ஒன்றுதான் என்றாலும் முள்ளுக்குக் கீழே ஓடும் நீளம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, நடுவுக்கு வரும்போது 21தான். 10,000 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு முழு நெளிவு, வெளியே 51 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளத்தில் சாவகாசமாக உட்காருகிறது. உள்ளே 21 மைக்ரானில் அதை அடைக்க வேண்டும். சாதாரண உருண்டை முள்ளின் ஆரமே 18 மைக்ரான். குழியைவிடப் பெரிய பந்து குழிக்குள் இறங்காது. பாடகரின் ‘ஸ’ எல்லாம் ‘ஷ்ஷ்’ என்று சிதறும். பக்கவாட்டில் ஒடுக்கிச் செதுக்கிய நீள்வட்ட முள் இதை ஓரளவு சமாளிக்கிறது. கையில் கொஞ்சம் பணமிருந்தால் வயருக்கோ பிளேயரை வைக்கும் மேடைக்கோ கொட்டாமல் முள்ளுக்குச் செலவழியுங்கள் என்பேன். இதில் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, வரட்டும்.

போன வருடம் மாமா பரண் மேலிருந்து ஒரு கட்டு 78 சுற்றுத் தட்டுகளை இறக்கிக் கொடுத்தார். இவை வினைல் அல்ல, அரக்கு. பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையில் இருந்ததே, அதே அரக்குதான். பூச்சி சுரக்கும் பிசின். உலகத்துக் கிராமபோன் கம்பெனிகளுக்கு அதை அதிகம் அனுப்பியது நம் நாடு. அரக்கோடு கல்பொடியும் கலந்திருப்பார்கள். அந்தக் காலத்து எஃகு ஊசியைத் தட்டே தேய்த்துத் தன் சாலுக்குப் பொருத்திக்கொள்ளும், அதனால் பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்ற வேண்டும். சாலும் அகலம். எல்பி முள்ளை வைத்தால் அடியில் விழுந்து லொடலொடக்கும். ஏறக்குறைய 75 மைக்ரான் ஆரமுள்ள முள்ளை வாங்கி மாட்டி, வேகத்தை 78க்குத் தள்ளி வைத்தேன்.

இம்முறை கொசு இல்லை. போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல ஒரே மந்தம். காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று. இந்தத் தட்டு 1954க்கு வெகு காலம் முந்தியது. கீச்சு ஓசையை யாரும் அதில் கூட்டி வைக்கவில்லை. கூட்டாததை என் ப்ரீஆம்ப் கடமை தவறாமல் குறைத்துக்கொண்டிருந்தது.

என் ஆம்ப்ளிஃபையரில் ‘ட்ரெபிள்’ என்று ஒரு குமிழ் உண்டு. சுத்தமான இசையை விரும்புகிறவர்கள் அதைத் தொடக்கூடாது என்று சொல்வார்கள், நானும் அதுவரை தொட்டதில்லை. மெல்ல வலப்பக்கம் திருப்பினேன். முதலில் தட்டின் கரகரப்பு ஏறியது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் ஹார்மோனியத்தின் காற்றுச் சத்தம் கேட்டது, அதற்குப் பின்னாலிருந்து பாடுகிற பெண்ணின் குரல் முன்னால் வந்தது. மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.