பிரஷர் நார்மல் ஆகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு

"அப்பாவுக்கு ஞாபகசக்தி நல்லாத்தான் இருக்கு டாக்டர். நடைதான் கொஞ்சம் மாறிப்போச்சு." போன வாரம் ஒரு மகள் சொன்னது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான அப்பாவுக்கு 66 வயது. காலைத் தரையில் தேய்த்துச் சின்னச் சின்ன அடியாக நடக்கிறார். கரண்ட் பில் கட்ட அரை மணி நேரம் திணறுகிறார். பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். சிறுநீர் வந்தால் அடக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் மூளையின் உள்பகுதியில் வெள்ளைத் திட்டுகள், நடுநடுவே சில மில்லிமீட்டர் அளவில் குழிகள். ஒவ்வொரு குழியும் அவருக்கே தெரியாமல் வந்துபோன ஒரு பக்கவாதம்.

டிமென்ஷியா என்றால் பெயர் மறப்பது, வீட்டுக்கு வழி மறப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இவருக்கு இருப்பதுபோல, மூளையின் நுண் ரத்தக்குழாய்கள் கெட்டு வரும் வகையில் பெரும்பாலும் முதலில் குறைவது வேகம்தான். திட்டமிடுவது, கணக்குப் பார்ப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் தடுமாறும். எதிலும் பிடிப்பு இருக்காது. வீட்டில் இதைச் சோம்பேறித்தனம், வயசாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிரஷர் மாத்திரை பற்றிக் கேட்டேன். "நார்மல் ஆயிடுச்சுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி நிறுத்திட்டார்."

எத்தனை பேரிடம் இதையே கேட்பது! மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் ஆனது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப ஏறும். தலை சுற்றினால் போட்டுக்கொள்கிறேன் என்கிறார்கள். 170 இருந்தாலும் பலருக்குத் தலை சுற்றாது, வலிக்காது, ஒன்றுமே தெரியாது. மாத்திரையால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். மூளையின் நுண்குழாய்களைத் தடிக்க வைத்து அடைப்பதும் அதுதான். அளவைக் குறைக்கலாமா என்பதை உங்கள் மருத்துவர் அளந்து பார்த்துச் சொல்லட்டும்.

2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்தவர்களைவிட, டிமென்ஷியாவுக்கு முன்கட்டமாக அமையக்கூடிய லேசான அறிவுத்திறன் குறைபாடு ஏறக்குறைய 19 சதவீதம் குறைவாக வந்தது. 120 எல்லோருக்குமான இலக்கு இல்லை. எழுந்து நின்றால் கிறுகிறுக்கும் முதியவர்களிடம் நாங்களே நிதானமாகத்தான் போவோம்.

நாற்பது வயதிலிருந்தே பிரஷர் பாருங்கள். மாத்திரை வாங்க அலைய முடியவில்லை என்றால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். சுகரைக் கவனியுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். தினமும் நடங்கள். பெற்றோரின் நடையோ சுபாவமோ மாறினால் தள்ளிப்போடாமல் அழைத்து வாருங்கள். பி12, தைராய்டு, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களையும் நாங்கள் பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். ரத்தம் உறையாமல் இருக்கட்டும் என்று ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள். மூளையின் பலவீனமான இந்த நுண்குழாய்களில் ரத்தம் கசியவும் கூடும். திடீரென்று வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் 108ஐ அழையுங்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் அவகாசம்.