படைப்பாற்றலை அளக்க எத்தனை நடுவர்கள் வேண்டும்?

திருமங்கலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆடை வடிவமைப்பு கற்பிக்கும் வாசகர் ஒருவர், மாணவி ஒருவரின் சுங்குடி (துணியில் முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளிகள் உண்டாக்கும் கலை) வடிவமைப்புக்குத் துறையின் மூன்று ஆசிரியர்களும் பத்துக்கு 9, 5, 7 என மதிப்பெண் இட்டதாகவும், படைப்பாற்றலை அளக்க அறிவியலில் வழி ஏதும் உண்டா என்றும் கேட்டு எழுதியிருந்தார். வழக்கமாக வட்டமாக அடுக்கப்படும் புள்ளிகளை அம்மாணவி வறண்ட வைகையின் மணல்திட்டுகளைப் போல ஒழுங்கின்றிச் சிதறவிட்டிருந்தாராம். ஒருவருக்கு அது புதுமை. இன்னொருவருக்கோ முடிச்சுப் போடத் தெரியாத குறை.

புளூமின் கற்றல் படிநிலைகள் 2001-இல் திருத்தப்பட்டபோது 'படைத்தல்' உச்சிக்கு ஏறியதும், நம் வினாத்தாள்களில் அது கே6 என்ற குறியீடாக அமர்ந்ததும் ஆசிரியர்கள் அறிந்தவையே. அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டின் வழிவந்த படைப்பாற்றல் தேர்வுகள், ஒரு செங்கலை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டு, விடைகளின் எண்ணிக்கையையும் அரிதான தன்மையையும் கணக்கிடும். அவற்றால் எண்ண ஓட்டத்தை ஓரளவு அளக்கலாம். நெசவுத்துணி ஒன்றை மதிப்பிட முடியாது.

1982-இல் அமெரிக்க உளவியலாளர் தெரேசா அமபிலே முன்வைத்த முறை வேறு திசையில் செல்கிறது. படைப்பாற்றலுக்கு வரையறை எதையும் நடுவர்களிடம் கொடுப்பதில்லை. துறையில் பழகியவர்களாகப் பலரை அழைத்து, ஒருவரோடு ஒருவர் பேசவிடாமல், ஒவ்வொருவருக்கும் படைப்புகளை வெவ்வேறு வரிசையில் காட்டி, அந்தத் தொகுப்புக்குள்ளேயே ஒன்றோடொன்றை ஒப்பிட்டு மதிப்பிடச் சொல்கிறார்கள். தொழில்நுட்ப நேர்த்திக்குத் தனி மதிப்பெண், படைப்பாற்றலுக்குத் தனி மதிப்பெண். நம் வாசகரின் துறையில் முடிச்சின் குறையும் வடிவத்தின் புதுமையும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டதே சச்சரவின் பாதி.

மீதிப் பாதியைத் தீர்ப்பது கணிதம், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். எந்த நடுவரின் மதிப்பெண்ணிலும், எல்லோரும் காண்கிற பொதுவான ஒன்றும், அவருடைய சொந்த விருப்புவெறுப்பும் கலந்திருக்கும். மதிப்பெண்களைக் கூட்டினால் பொதுப்பகுதி நடுவர் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளரும். விருப்புவெறுப்புகளோ ஒருவருடையது மேலும் மற்றவருடையது கீழுமாக இழுத்து ஒன்றையொன்று தேய்ப்பதால், எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கே வளரும். உளவியலாளர்கள் ஸ்பியர்மன், பிரௌன் இருவரும் 1910-இல் தனித்தனியே வெளியிட்ட சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள்: இரு நடுவர்களுக்கிடையே ஒட்டுறவு (மதிப்பெண்கள் ஒத்துப்போகும் அளவு; முழுமையாக ஒத்துப்போனால் 1) வெறும் 0.3 என்றாலும், ஐவரின் சராசரிக்கு நம்பகத்தன்மை 0.68, பத்துப் பேருக்கு 0.81. எனவே 9, 5, 7 என்ற வேறுபாடு வெட்கப்பட வேண்டியதன்று. அது முறையின் மூலப்பொருள். ஆனால் ஸ்டாஃப் ரூமில் தேநீரோடு ஒரு மூத்த பேராசிரியர் தம் கருத்தை முதலில் சொல்லிவிட்டால், அவருடைய விருப்புவெறுப்பே பொதுப்பகுதியாக வேடமிட்டுவிடும். பிறகு எத்தனை பேரைச் சேர்த்தாலும் அது தேயாது.

இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலுக்குப் புலவர்கள் எழுதிய உரைகளுள் சிறந்ததைத் தேர, மதுரைச் சங்கத்தில் உருத்திரசன்மன் என்ற ஊமைச் சிறுவனை அமர்த்தியதாகவும், நக்கீரர் உரையைக் கேட்டு அவன் சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்ததாகவும் மரபு சொல்கிறது. அழகான கதை, எனினும் ஒற்றை நடுவர் தேர்வு! இன்று அந்த இடத்தைக் கைரேகையை ஸ்கேன் செய்து 'உங்கள் பிள்ளைக்கு வலது மூளை' என்று அறிக்கை தரும் கடைகள் பிடிக்க முயல்கின்றன. யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2013-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படிமங்களை ஆராய்ந்தும், இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்ற பிரிவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த அறிக்கைக்குக் கொடுக்கும் பணத்தில் வெளியிலிருந்து இரண்டு சுங்குடிக் கைவினைஞர்களை நடுவராக அழைக்கலாம் என்பது என் கட்சி.

வளர்ப்பது பற்றியும் அமபிலேயிடம் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. எழுத்தில் ஈடுபாடுள்ள இளைஞர்களை 1985 ஆய்வில் கவிதை எழுதச் சொன்னபோது, பணம், புகழ் போன்ற புறக்காரணங்களைச் சற்றுமுன் எண்ணிப்பார்த்தவர்களின் கவிதைகள் படைப்பாற்றலில் தாழ்ந்திருந்தன. ஆகவே வரைவு நிலையில் மதிப்பெண் இல்லாமல் கருத்து மட்டும் சொல்லி, இறுதிப் படைப்பை மட்டும் நடுவர்களிடம் அனுப்புவது நல்லது.

ஒன்றை மட்டும் நம் வாசகர் கவனிக்க வேண்டும். இம்முறையில் கிடைக்கும் 8 என்பது அந்த வகுப்பின் படைப்புகளுக்குள் மட்டுமே பொருளுடையது. அடுத்த ஆண்டு மாணவர்கள் பெறும் 8-ஐ அதன் அருகில் வைத்து எக்செல் தாளில் சராசரி எடுத்து, கற்றல் அடைவு உயர்ந்தது என்று அங்கீகாரக் குழுவிடம் காட்ட இயலாது. காட்ட வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுப் படைப்புகளையும் ஆண்டு தெரியாதபடி கலந்து, ஒரே நடுவர்களிடம் மீண்டும் கொடுத்தாக வேண்டும்.